பூனை நடையும் ஒரு பெட்டிசமும்

நான் யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் பாலை ஊற்றினால் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே கொண்டுபோவேன். கணக்கு ரீச்சர் என்பதால் வந்த குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை, குணம் முதலில் வந்தது, கணக்கு பிறகுதான் வந்தது. ஆனால் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு இணுவில் பக்கத்தில் என்னையும் வென்ற ஐமிச்சக்காரர் இருந்தார்கள். ஒழுங்கையில் தெரியாத சைக்கிள் ஒன்று நின்றால் நாலு வீட்டுப் படலை சாத்துப்படும். தபால்காரர் இரண்டு நாள் வராவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கதைப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காரணங்களில் பாதி சரியாகவும் இருக்கும்.

எனக்கு அதிகப்படியாக ஒரு காரணம் இருந்தது. என் அக்காவின் மகள் உயர்தரம் படிக்க அளவெட்டியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நின்றாள். என் மனுசன் சவூதியில். வீட்டில் நானும் என் ஒரே மகளும் அந்தப் பிள்ளையும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ரியூசனுக்கு என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவள், படலையடியில் நின்ற என் மகளின் கையில் தன் தலைக்கிளிப் இரண்டையும் கழற்றி வைத்து, "அம்மாட்டை இப்ப சொல்லிப்போடாதை, பின்னேரம் சொல்லு" என்று சொல்லிவிட்டு இயக்கத்துக்குப் போய்விட்டாள். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, நாலு மணிக்குக் கிளிப்பை நீட்டிக்கொண்டு வந்து சொன்னாள்.

எனக்கு வந்த கொதியில் அவளை அடித்தேன். கையாலும் அடித்தேன், அகப்பைக் காம்பாலும் அடித்தேன். "காலமை சொல்லியிருந்தால் மருதனார்மடச் சந்தியிலையே மறிச்சிருப்பனேடி! உன்னாலைதானேடி அவள் போனவள்!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அடுத்தநாள் அக்கா வந்து எங்கள் முற்றத்தில் விழுந்து, "உன்னை நம்பித்தானே விட்டனான்" என்று என்னைப் பார்த்துக் கதறினா. அக்கா எனக்குச் சொன்னதையும் சேர்த்து நான் என் பிள்ளையின் தலையில்தான் இறக்கினேன். அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது.

அடி வாங்கியபோது அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. கோபம்தான் வரத் தொடங்கியது. சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிவாள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடித்தால் கொம்பாஸ் பெட்டியால் அடிப்பாள். எறியவும் அடிக்கவும் ஒன்றும் அகப்படாவிட்டால் தன் இடது மணிக்கட்டைக் கடிப்பாள். பல் பதிந்த இடம் கன்றிப்போய்க் கிடக்கும். கோவிலில் நூல் கட்டுவித்தேன், பார்வை பார்ப்பித்தேன், நல்ல புத்தியும் சொன்னேன், நாலு போட்டும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. "பிள்ளைக்கு வயசு வருகுது, அதுதான்" என்று அயலட்டை சொல்லிற்று. எனக்குத் தெரியும், அது வயசு இல்லை. தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் புது ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காங்கேசன்துறைப் பக்கத்தால் இடம்பெயர்ந்து வந்தவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டு நூல்சேலை, ஒரு பழைய சைக்கிள், தோளில் ஒரு துணிப்பை. அதிபர் அவரை ஆறாம் வகுப்புக்குப் பொறுப்பாகப் போட்டார். என் மகளும் ஆறாம் வகுப்புத்தான்.

வந்த முதல் வாரமே நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். திங்கட்கிழமை நெற்றியில் குங்குமப்பொட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை இல்லை. வியாழக்கிழமை திரும்பவும் இருந்தது. கலியாணம் கட்டினவள் வைப்பாள், மனுசன் செத்தவள் வைக்கமாட்டாள், கிறிஸ்தவ வேதக்காரர் சிலபேர் வைக்கமாட்டார்கள். ஒருநாள் வைத்து ஒருநாள் வைக்காமல் வருகிற சாதி எது? ரீச்சர்மார் இருக்கிற அறையில் நான் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "உமக்கு வேலையில்லை" என்றார் விஞ்ஞான ரீச்சர். சிரித்தாலும் அடுத்தநாள் எல்லாருடைய கண்ணும் அந்த நெற்றிக்குத்தான் போனது.

பிறகு ஒருநாள் இரண்டாம் பாடநேரத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. மைதான ஓரத்தில் பனங்குற்றி அடுக்கி, மண் நிரப்பிய உரப்பை போட்டு மூடிய பங்கர் எங்களுக்கு இருந்தது. அதற்குள் முக்கால் மணித்தியாலம் குனிந்துகொண்டு இருந்தோம். ஹெலி கோண்டாவில் பக்கமாகச் சுட்டுவிட்டுப் போனது. வெளியே வந்த பிள்ளைகளின் கோலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று விக்கி விக்கி அழுகிறது, ஒன்று மூத்திரம் போன சட்டையோடு சிரிக்கிறது, இரண்டு பேர் காரணமே இல்லாமல் ஒருவரையொருவர் பிறாண்டுகிறார்கள். என் மகள் மணிக்கட்டை வாயில் வைத்துவிட்டாள். நாங்கள் வழமையாகச் செய்வதைச் செய்தோம், பிரம்பை எடுத்து மேசையில் அடித்து "சத்தம் போடாதை!" என்று நாங்கள்தான் சத்தம் போட்டோம்.

புது ரீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. ஆறாம் வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். "எல்லாருக்கும் கையிலை பலாப்பால் ஒட்டிப்போச்சு. உதறுங்கோ பாப்பம்!" என்றார். தானும் உதறினார். பிள்ளைகள் உதறின. "முழங்கையிலையும் ஒட்டியிருக்கு! ஐயோ, காலிலையும்!" நாற்பது பிள்ளைகளும் கையையும் காலையும் உதறிக் குதிக்கிற காட்சி, உண்ணாணைச் சொல்கிறேன், விசர் ஆசுபத்திரி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இல்லாத கிணற்றில் இல்லாத வாளியை இறக்கச் சொன்னார். வாளி இறங்கும்போது மூச்சை விட வேண்டும், மேலே வரும்போது மூச்சை இழுக்க வேண்டும். "கனக்குது, மெதுவா இழுங்கோ. இப்ப தலையிலை ஊத்துங்கோ. எப்பிடி இருக்கு?" "சில்லெண்டு இருக்கு ரீச்சர்!" மூன்று வாளி வார்த்து முடியப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்கு வந்து வாங்கில் குந்தின. என் மகள் கடைசியாக வந்தாள். கை வாயில் இல்லை.

மற்ற எவளாவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் யோசித்தது, "இது என்ன மாயம்?" என்றுதான். ஆறு மாதமாக நான் தலைகீழாக நின்றும் செய்ய முடியாததை நேற்று வந்தவள் பத்து நிமிடத்தில் செய்கிறாள் என்றால் அதற்குள் ஏதோ இருக்க வேண்டும். பொறாமை என்று இப்போது சொல்வேன். அப்போது அதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கடைசிப் பாடநேரத்தில் வேப்பமரத்தடியில் இந்தக் கூத்து நடந்தது. எனக்கு அந்த நேரம் ஓய்வு. மரத்துக்குப் பின்னால் பழைய சைக்கிள் கொட்டில் ஒன்று இருந்தது, அதன் கிடுகு மறைப்பில் ஒரு ஓட்டை. மூன்று கிழமை அந்த ஓட்டைக்குள்ளால் விடுப்புப் பார்த்தேன். ஒருநாள் முசுறு ஏறிச் சேலைக்குள் கடித்து நான் துள்ளின துள்ளலைப் பார்த்திருந்தால், ரீச்சர் என்னையும் வகுப்பில் சேர்த்திருப்பார்.

நான் அங்கே கண்டவை இவை. பிள்ளைகள் வெறும் தரையில் குப்புறப் படுத்து மயிர்க்கொட்டிப் புழு மாதிரி ஊர்ந்தார்கள். வெள்ளைச் சீருடை செம்மண்ணில் புரண்டு சிவந்தது. சவுக்காரம் கண்ணால் காண முடியாத காலம், தாய்மார் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். அதைவிட மோசமாக ஒன்று இருந்தது, பூனை நடை. ஒருவர் பின்னால் ஒருவராக, குனிந்து, குதியை உயர்த்தி, சருகின் மேல் சத்தம் வராமல் நடக்க வேண்டும். "சருகு உங்களைக் காட்டிக் குடுக்கக்கூடாது" என்றார் ரீச்சர். கையை உயர்த்தினால் எல்லாரும் நிற்க வேண்டும், இறக்கினால் நடக்க வேண்டும். ஊர்வதும் பதுங்குவதும் கைச்சைகையும்! இது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? இந்தப் பயிற்சி எங்கே கொடுப்பார்கள் என்று அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பால்குடிக்கும் தெரியும்.

கடைசியில் எல்லாரையும் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடச் சொல்வார். அப்போது அவருடைய குரல் இறங்கிவிடும், எனக்குப் பாதிதான் கேட்கும். ஒருநாள் காற்று என் பக்கம் வீசியது. "உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்கோ. எங்கை போறியளெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார்.

அம்மாவுக்கும் சொல்லத் தேவையில்லையாம்! கண்ணை மூடிக்கொண்டு மனதால் போகிற இடத்துக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஒரு பிள்ளையைக் கொடுத்தவளுக்கு அந்த வசனம் அப்படிக் கேட்காது.

வீட்டில் நடந்தது என் ஐமிச்சத்தை இன்னும் கூட்டியது. மகள் அமைதியாகிக்கொண்டு வந்தாள். கோபம் வரும்போது கிணற்றடிக்குப் போய், வாளியைத் தொடாமல் காற்றில் கயிற்றை இழுத்துவிட்டு வருவாள். மணிக்கட்டுக் காயம் ஆறிற்று. சொல்லாமலே கோப்பை கழுவினாள், உடுப்பை மடித்து அலுமாரியில் வைத்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு ஒரு பாடம் தெரியும். அடங்காத பிள்ளை ஒன்று திடீரென்று நல்ல பிள்ளையாகினால் பயப்பட வேண்டும். அக்காவின் மகளும் போவதற்கு முன் இரண்டு கிழமை அப்படித்தான், கேட்காமலே முற்றம் கூட்டினாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் அயலட்டைக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிப் புளுகினேன், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று.

ஒரு பின்னேரம் மகளைக் கேட்டேன்.

"வேப்பமரத்தடியிலை இருந்து எங்கை போறனீங்கள்?"

"ஒரு இடத்துக்கு."

"எந்த இடம்?"

"சொல்லத் தேவையில்லையெண்டு ரீச்சர் சொன்னவ."

"எனக்குமோ?"

"ஓம்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ அவளிடம் இருக்கிறது, அதை அவளே வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அடுத்தநாள் விடிய முன்னம் எழும்பி அவளுடைய சைக்கிள் சில்லு இரண்டின் வால்வையும் கழற்றி உப்புப் போத்தலுக்குள் ஒளித்தேன். காற்றுப் போன சைக்கிளைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. நடந்து பள்ளிக்கூடம் வந்தாள். கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று பின்னேரம்தான், பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் பெட்டிசம் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. மனதில் இருப்பதை எழுதக்கூடாது, எடுபடுவதை எழுத வேண்டும். 'இந்த ரீச்சர் பிள்ளைகளை இயக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறார்' என்று அந்த நாளில் யாரும் எழுத முடியுமா? எழுதினவளைத்தான் இயக்கம் முதலில் விசாரிக்கும். ஆகவே யோசித்தேன். பொட்டு வைப்பதில்லை. கண்ணை மூட வைக்கிறார். காதுக்குள் ஏதோ ஓதுகிறார். 'சைவப் பிள்ளைகளை மதம் மாற்றும் முயற்சி' என்று தலைப்புப் போட்டு, இடது கையால், கோணல் எழுத்தில், மூன்று பந்தி எழுதினேன். நான் அதில் ஒரு வரியையும் நம்பவில்லை. பொட்டு வைக்கிற நாளும் உண்டு என்பதை எழுதவில்லை. கீழே 'சைவ நலன்விரும்பி' என்று போட்டு, கல்விக் கந்தோருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்தேன், அதையும் மறைக்கக்கூடாது.

ஒரு மாதம் கழித்துக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி சைக்கிளில் வந்தார். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்தில் கதிரை போட்டு நாங்கள் ரீச்சர்மார் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம். பிள்ளைகளை வெளியே விட்டிருந்தார்கள். அரைச்சுவர்தானே, எல்லாம் சுவருக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. என் மகளின் தலையும் தெரிந்தது. அதிகாரி, "இடக்கையாலை எழுதியிருக்கு" என்று பெட்டிசத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சத்தமாக வாசித்தார். என் வசனங்கள் இன்னொருவரின் வாயால் வரும்போது எவ்வளவு பெரிதாக இருந்தன! பெற்றோர் பக்கத்தில் ஒரு தாய் "அதுதானே பாத்தன்" என்றா. அப்படி ஒருத்தி சொல்வா என்று கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்.

அன்றைக்குப் பார்த்து ரீச்சரின் நெற்றியில் பொட்டு இருந்தது.

"இண்டைக்கு வைச்சிருக்கிறியள்" என்றார் அதிகாரி. "வைக்காத நாளும் இருக்கெண்டு சொல்லீனம். என்ன விசயம் ரீச்சர்?"

ரீச்சர் எழும்பி நின்றார். கையில் சோக்கட்டி ஒன்று இருந்தது, அதை மேசையில் வைத்தார்.

"என்ரை மனுசனைப் போன வருசம் ஆமி வீட்டாலை பிடிச்சுக்கொண்டு போனது, சேர். இருக்கிறார் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. சில நாள் காலமை எழும்பேக்கை இருக்கிறார் எண்டு இருக்கும், வைப்பன். சில நாள் அப்பிடி வராது. வைக்காமல் வந்திடுவன். எது சரியெண்டு எனக்கும் தெரியேல்லை. ஆராவது தெரிஞ்சாச் சொல்லுங்கோ."

"அதுதானே பாத்தன்" என்ற தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அதிகாரி கடிதத்தை நாலாக மடித்து, "இருங்கோ ரீச்சர், இருங்கோ" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். விதவையாக இருக்கலாம் என்று முதல் வாரமே எனக்குத் தோன்றியது. ஆனால் பெட்டிசத்துக்கு வேதக்காரி என்றால்தான் எடுபடும் என்று அதை ஒதுக்கி வைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசும்.

"மற்றது, உந்த ஊருறது, கண் மூடுறது..." என்று அதிகாரி இழுத்தார்.

"போன வருசம் நாங்கள் இடம்பெயர்ந்து வந்து கோயில் மடத்திலை இருந்தனாங்கள், நூற்றுக்கு மேலை சின்னனுகள்" என்றார் ரீச்சர். "பயம் வந்தால் பிள்ளையின்ரை உடம்பு இறுகிப்போகும், சேர். அதை முதல் ஆட்டி அசைச்சு இளக்க வேணும். பேந்துதான் சொல் ஏறும். கண்ணை மூடினால் தங்கடை வீட்டுக்குப் போவினம், கடக்கரைக்குப் போவினம், செத்துப்போன ஆக்களோடை கதைப்பினம். அதை நாங்கள் கேக்கக்கூடாது. உதொண்டுதான் அதுகளுக்கெண்டு மிச்சம் இருக்கிற இடம்."

அதிபர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "ஊருக்கு வாய் இருக்கு ரீச்சர், அதை மூட எங்களிட்டை மூடி இல்லை. கொஞ்ச நாளைக்கு உதுகளை விடுங்கோ" என்றார்.

"கையையெண்டாலும் உதறலாமோ சேர்?" என்று கேட்டார் ரீச்சர். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமையில் இடமாற்றம் கேட்டுத் தென்மராட்சிப் பக்கம் போய்விட்டார். போகிற அன்று ரீச்சர்மார் அறைக்கு வந்து எல்லாரிடமும் விடைபெற்றார். என்னிடம், "உங்கடை மகள் கெட்டிக்காரி. கோபம் வந்தால் அடிக்காதேங்கோ, அவ தானே கிணத்தடிக்குப் போவா" என்றார். "ஓம் ரீச்சர்" என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

நான் பயந்த ஆபத்து நீங்கிவிட்டது. நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் மகள் சோற்றுக் கோப்பையை எறிந்தாள்.

முன்னையதைவிட மோசம். இப்போது கிணற்றடிக்கும் போகமாட்டாள். பழைய தழும்பின் மேலேயே கடித்தாள், ஒருநாள் இரத்தம் வந்தது. ஒருநாள் பின்னேரம் கேட்டாள், "அம்மா, ரீச்சரைப் பற்றிப் பெட்டிசம் எழுதினது ஆர்?"

"ஆருக்குத் தெரியும்? ஊரிலை ஆயிரம் பேர்" என்றேன்.

அன்றிலிருந்து நான் என் மனுசனுக்குச் சவூதிக்குக் கடிதம் எழுத இருந்தால் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பார்ப்பாள். மரக்கறி வெட்டும்போது இடது கையைப் பார்ப்பாள். ஒருநாள் நான் வர, என் கைப்பையைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். "என்னடி தேடுறாய்?" என்றால் "ஒண்டுமில்லை" என்றாள். என் குணம் அப்படியே அவளுக்கு வந்துவிட்டது. பாம்பின் கால் பாம்புக்குத் தெரியும் என்பார்கள், என் பாம்பு என் வீட்டிலேயே வளர்ந்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாளோ என்று நான் அவளைப் பார்ப்பேன், நான் ஒத்துக்கொள்வேனோ என்று அவள் என்னைப் பார்ப்பாள். இருவரும் ஒரே குசினியில் இருந்து புட்டுச் சாப்பிட்டோம்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் மேலே சகடை வந்து சுற்றியது. சகடை என்றால் குண்டு போடுகிற பெரிய, மெதுவான பொம்மர் விமானம், சத்தத்திலேயே தெரியும். நான் வீட்டுப் பங்கருக்குள் இறங்கிவிட்டேன். அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கிணற்றுக்கட்டில் இருக்கிறாள், மணிக்கட்டு வாயில்.

"வாடி! கெதியா வா!"

அசையவில்லை. வெளியே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். என் கையைக் கடித்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்றது. எனக்குப் புத்தி வந்து நிற்கவில்லை, பயத்தில் கை வேலை செய்யவில்லை. சகடை அளவெட்டிப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் உதறினேன். ஓங்கின கையையும் மற்றக் கையையும் உதறினேன்.

"பலாப்பால்" என்றேன். "ஒட்டிப்போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் முழங்கையை உதறினேன், காலை உதறினேன். நாற்பத்திரண்டு வயது, நூற்றைம்பது இறாத்தல் உடம்பு, முற்றத்தில் குதிக்கிறேன், மேலே பொம்மர். மூன்று கிழமை ஒளித்துப் பார்த்ததால் ஒன்றும் மறக்கவில்லை. இல்லாத வாளியை இறக்கினேன். மூச்சு வாங்கியது. "கனக்குது பிள்ளை, ஒருக்காப் பிடி" என்றேன்.

அவள் இறங்கி வந்து என் கைக்குக் கீழே அந்தக் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தோம். வாளி பாதி வழியில் இருக்கும்போது, என்னைப் பாராமல், கயிற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கயிற்றை இன்னொரு பிடி இழுத்தேன்.

"பெட்டிசம் நீங்கள்தானே எழுதினது?"

"ஓம்" என்றேன்.

"ஏன்?"

"நீயும் போயிடுவாயெண்டு பயமாக் கிடந்தது."

கயிற்றை விட்டாள். கோபம் வரும், கடிப்பாள் என்று நின்றேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "அக்கா போனதை நான் பின்னேரம் மட்டும்தான் சொல்லாமல் வைச்சிருந்தனான். அதுக்கு அகப்பைக் காம்பாலை அடிச்சியள். நீங்கள் எவ்வளவு நாள் சொல்லாமல் வைச்சிருந்தனீங்கள்?"

சகடையின் சத்தம் கிழக்கே தேய்ந்துபோய்விட்டது. நான் கிணற்றுக்கட்டில் குந்திவிட்டேன். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், தாய்மாருக்கு அது வராதா என்ன? வரவில்லை. "அடிச்சது பிழை" என்றேன். "பெரிய பிழை பிள்ளை. அவள் உன்னாலை போகேல்லை. நீ காலமை சொல்லியிருந்தாலும் அவள் போயிருப்பாள்."

அவள் முகம் கோணத் தொடங்கியது. "உண்மையாவோ?" என்று கேட்டாள். "சந்தியிலை மறிச்சிருக்க ஏலாதோ?"

எனக்குத் தெரியாது. ஆறு மணிக்குச் சொல்லியிருந்தால் சைக்கிளில் பறந்துபோய்ச் சந்தியில் பிடித்திருப்பேனோ என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எத்தனையோ தரம் அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

"ஏலாது" என்றேன். "உண்மையாத்தான்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள், நான் பாலைப் பார்ப்பதுபோல. பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்து, ஒன்றேகால் வருடத்தில் முதல்தரமாக, வாய்விட்டு அழுதாள். நம்பிவிட்டாள்.